நீலத் தபால்தலைக்கு மணிக்கு 10 நிமிட வெளிச்சம்; நம் மூதாதையர் பதிவேடுகளுக்கு என்ன அளவு?

ரோஸ்ஹில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போர்ட் லூயிஸ் கோடான் துறையில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1847 செப்டம்பரில் நம் மொரிஷியஸ் தீவில் வெளிவந்த அந்த இரண்டு தபால்தலைகளையும், ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்ஸ் நீலம், நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. மணிக்கு 10 நிமிடம் மட்டும் அசலின் மேல் விளக்கு எரியும். மற்ற நேரத்தில் நகலைத்தான் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் 500 தான் அச்சடித்தார்கள். இன்று உலகம் முழுக்க இரண்டும் சேர்ந்து முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. 1993-இல் உள்ளூர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொடுத்து இந்த இரண்டையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தன.

இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். மூடிப் பூட்டவும் இல்லை, வெளிச்சத்தில் வெந்துபோக விடவும் இல்லை. காத்திருந்தால் யாரும் பார்க்கலாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. 1834-லிருந்து 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய கதை அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடல் அடையாளம், வந்த கப்பல், வரிசை எண். 1860களிலிருந்து பலருடைய புகைப்படங்களும் உண்டு. மதராசிலிருந்து கப்பல் ஏறிய நம் பாட்டன் பூட்டன் முகம் என்று வேறு எங்கே போய்த் தேடுவது?

என் கேள்வி இதுதான். இப்படிப்பட்ட ஏடுகளின் அசலைக் குடும்பத்தார் பார்க்க வேண்டுமா? பார்க்கலாம் என்றால் எவ்வளவு, எப்படி? நகல் போதும், அசலை இருட்டில் வையுங்கள் என்று ஒரு கட்சி. எங்கள் சொத்தை எங்களிடமே மறைப்பதா என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். குறிப்பாக மோக்காவைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். அருங்காட்சியகம், காப்பகம், கோயில், வீட்டுப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்தே பேசுவோம்.


தாள்வைத்தியம்:

நல்ல இழை. சென்னையில் காகிதப் பாதுகாப்பு படித்து, இப்போது காத்ர் போர்னில் இருக்கிறேன். முதலில் அந்த 10 நிமிடத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம்.

வெளிச்சம் செய்யும் கேடு சேர்ந்துகொண்டே போகும், திரும்ப ஆறாது. இன்று மங்கிய நிறத்தை நாளை இருட்டில் வைத்து மீட்க முடியாது. அதனால் எவ்வளவு பிரகாசம் (இதன் அலகு லக்ஸ்), எத்தனை மணி நேரம் என்று இரண்டையும் பெருக்கி லக்ஸ்-மணி என்று கணக்கு வைப்பார்கள். மிக மென்மையான சாயங்கள் கொண்ட பொருளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது, ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணிக்கு மேல் போகக் கூடாது என்பது பன்னாட்டு அளவில் பலரும் பின்பற்றும் வரம்பு. ஓர் அருங்காட்சியகம் நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் திறந்திருக்கிறது என்று வையுங்கள். முழு நேரமும் 50 லக்ஸ் விளக்கு எரிந்தால் 90,000. மணிக்கு 10 நிமிடம் மட்டும் என்றால் ஆறில் ஒரு பங்கு, சரியாக 15,000. இது நான் போட்ட மாதிரிக் கணக்கு. ஆனால் மணிக்கு 10 நிமிடம் என்ற ஏற்பாட்டால் என்ன மிச்சமாகிறது என்று இதில் தெரியும்.

பதிவேடுகளின் நிலை வேறு. அங்கே வெளிச்சத்தைவிட ஈரமும் கையாளுதலும்தான் பெரிய எதிரி. 19-ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் பயன்படுத்திய மை பெரும்பாலும் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சியது. அதில் அமிலம் உண்டு. காலப்போக்கில் எழுத்து இருந்த இடத்திலேயே தாளை அரித்து ஓட்டை போட்டுவிடும். காற்றில் ஈரம் கூடக் கூட அரிப்பும் வேகமாகும். ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் கிளம்பும். மோக்கா, க்யூர்பிப் பக்கத்து மேட்டு நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்த செருப்பே பச்சை பிடிக்கிறது.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பழைய தாளைப் புரட்டுவது சினிமாவில் அழகாக இருக்கும். உண்மையில் கையுறையால் விரலின் உணர்வு மழுங்கி, நொறுங்கும் தாளின் ஓரம் கிழிவதுதான் அதிகம். நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் தாளுக்கு நல்லது. புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை வேண்டும். அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சானவை. விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் கறை நிரந்தரம்.

என் முடிவைக் கேட்டால், தகவல் வேண்டும் என்பவருக்கு நகல் போதும். அசல் வேண்டாம்.


த்ரியோலேஅக்கா:

தாள்வைத்தியம் தம்பி, நீங்கள் சொல்வதில் ஓர் எழுத்தும் தப்பில்லை. ஆனால் தகவல் வேண்டும் என்றுதான் ஜனங்கள் வருகிறார்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

என் அம்மாவுக்குத் தகவல் எல்லாம் ஏற்கெனவே தெரியும். கப்பல் எந்த வருஷம் வந்தது, எந்தக் கரும்புத் தோட்டத்தில் போட்டார்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கே நிலம் வாங்கினார்கள், எல்லாம் வீட்டில் வாய்வழியாக வந்த செய்தி. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்தபோது சான்று எடுத்துச் சரிபார்த்தும் ஆயிற்று. அப்படியும் அந்த மனுஷி கேட்டது ஒன்றே ஒன்று. கப்பலில் வந்தவரை எதிரில் நிற்க வைத்து எழுதின தாள் எது, அதை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். தொடக்கூட வேண்டாம், பார்த்தால் போதும் என்றார்.

ஒரு காப்பகத்தில் (பெயர் வேண்டாம்) கேட்டுப் பார்த்தோம். அசல் காட்டுவதில்லை என்று ஒரே வரி பதில். ஏன், எப்போதாவது உண்டா, எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களா, எதுவும் இல்லை. எனக்கு வருத்தம் மறுத்ததில் இல்லை, மறுத்த விதத்தில்தான். தபால்தலைக்கு 10 நிமிடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் காத்திருப்போம். நம் ஜனங்களுக்குக் காத்திருக்கத் தெரியாதா?


தாள்வைத்தியம்:

அக்கா, அம்மாவின் ஆசை புரிகிறது. நான் பயப்படுவது எண்ணிக்கையை நினைத்து. நாலரை லட்சம் பேரின் வாரிசுகள் இன்று இந்தத் தீவில் பெரும்பான்மை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடவை என்றால்கூட அதே தொகுதி எத்தனை தடவை அலமாரியிலிருந்து இறங்கி ஏற வேண்டியிருக்கும்? தைத்துக் கட்டிய பெரிய தொகுதி ஒன்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதுகுத் தையல் இழுபடும். ஒரு குடும்பம் பார்க்கும் பக்கத்துக்காக மற்ற நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பக்கமும் சேர்ந்து தேய்கிறது. உங்கள் அம்மா பார்த்தால் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தொகுதியில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் யாராவது பேச வேண்டும் அல்லவா?


தஞ்சாவூரான்:

எபேனில் கணினி வேலை, ஊர் தஞ்சாவூர். எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன், இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும்.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு திருச்சுற்று இருக்கிறது. அதன் சுவரில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள். மேலே நாயக்கர் காலத்தில் இன்னொரு படலம் தீட்டிவிட்டதால் சோழர் ஓவியம் அடியில் மறைந்து கிடந்தது. 1931-இல்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு தொல்லியல் துறை மேல் படலத்தைச் சிதையாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்தது. அதனால் இரண்டு காலத்து ஓவியமும் பிழைத்தன. ஆனால் அந்த உள்சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. இடம் குறுகல், காற்றோட்டம் இல்லை. கூட்டம் உள்ளே போனால் மூச்சுக்காற்றின் ஈரமே சுவரைக் கெடுத்துவிடும். கோயில் வளாகத்தில் புகைப்படமாகத்தான் பார்க்க வேண்டும். தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்து அந்த ஓவியத்தை நேரில் பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். இதில் எனக்கு மனக்குறை இல்லை. காரணம் தெளிவாகத் தெரிகிறது, அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

ஆனால் திருவாரூருக்குப் போனால் மனசு வேறு மாதிரி ஆகிவிடும். தியாகராசர் கோயில் வளாகத்தில் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. சுற்று வட்டாரத்துச் சிறு கோயில்களில் சிலைத் திருட்டு பயத்தால் அங்கே கொண்டுவந்து பூட்டி வைத்த செப்புத் திருமேனிகள் ஆயிரக்கணக்கில். திருட்டு பயம் நிஜம், அதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து போய் வெளிநாட்டில் ஏலம் வரை ஏறிய சிலைகள் எத்தனை என்று செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் பூட்டி வைத்த நடராசர் மார்கழித் திருவாதிரைக்கு வீதிக்கு வருவதில்லை. அந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்குத் தங்கள் ஊரில் அப்படி ஒரு சாமி இருந்ததே தெரியாமல் போகிறது. பல ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாய்ப் பூட்டிய அறையில் இருந்தால் உலோகத்துக்கும் நல்லதில்லை. குளோரைடு உப்பு கொஞ்சம் சேர்ந்தால் வெளிறிய பச்சைத் தூளாகப் பூத்து உள்ளே அரித்துக்கொண்டு போகும், யாரும் பார்க்காவிட்டால் அது தெரியவும் தெரியாது.

ஓவியமும் மறைவில், சிலையும் மறைவில். ஓவியத்துக்கு மறைவுதான் மருந்து. சிலைக்குத் தேவை காவல்காரரும் திருவிழாவும். இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போடுவதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது.


சுண்ணாம்புக்காரை:

தஞ்சாவூரான் சொன்ன கடைசி வரி எனக்குப் பிடித்தது. கட்டடப் பக்கத்திலிருந்து நானும் ஓர் உதாரணம் தருகிறேன்.

அப்ரவாசி காட், போர்ட் லூயிஸில் நம் ஆட்கள் வந்து இறங்கிய துறை. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மொத்தப் பரப்பு 1,640 சதுர மீட்டர்தான். இன்று மிஞ்சியிருப்பது பழைய குடியேற்றக் கிடங்கின் ஒரு பகுதி மட்டும், மற்றது சாலையும் நகரமும் வளர்ந்தபோது போய்விட்டது. மிஞ்சியதில் நம் எல்லோருக்கும் தெரிந்தவை அந்தப் படிகள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறி வந்த கருங்கல் படிகள். ஒப்பந்தத் தொழிலாளர் வருகையை நினைக்கும் நவம்பர் 2 அன்று அங்கே பூ வைப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கல் தேயும், மழை தின்னும், கடல் உப்பும் தின்னும். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பொரிந்து, கல்லின் முகமே உதிர்ந்துவிடும். அதனால்தான் பழைய சுவருக்குச் சுண்ணாம்பே வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒற்றைக்காலில் நிற்கிறோம். ஒரு பாரம்பரியச் சின்னத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பார்க்க வந்த ஜனங்கள் இல்லை. பாசத்தோடு செய்த தவறான பழுதுபார்ப்புதான் அதைவிடப் பல மடங்கு கெடுத்திருக்கிறது.

அந்தப் படிகளைக் கண்ணாடிக்குள் அடைத்திருந்தால் நவம்பர் 2 வெறும் உரை நிகழ்ச்சியாகியிருக்கும். பக்கத்திலேயே 2014-இல் விளக்க மையம் திறந்து, நகல்களும் படங்களும் மாதிரிகளும் வைத்துக் கதையை அங்கே சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கதையின் சுமையை மையம் தாங்குவதால் படிகளின் மேல் பாரம் குறைகிறது. பதிவேட்டுக்கும் இப்படி ஒரு வழி யோசிக்கலாமே?


கடல்தாண்டி:

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தீவுக்குப் பிறகு எங்கள் முறை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பனில் வந்து நின்றது. 1911 வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். எங்கள் கப்பல் பட்டியல்களைப் பல ஆண்டு உழைத்துப் படித்துத் தட்டச்சு செய்து, கணினியில் தேடும்படி ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகள், தமிழ் ஒரு சொல் பேசத் தெரியாதவள், ஓர் இரவு உட்கார்ந்து எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வரிசை எண்ணைக் கண்டுபிடித்தாள். தாள் ஒன்றுகூட அசையவில்லை. அந்த வகையில் தாள்வைத்தியம் அண்ணன் கட்சியில்தான் நானும்.

எழுத்துக்கூட்டலை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். உங்கள் பக்கம் வீரப்பன் வீரப்பென் ஆனார், சின்னத்தம்பி சின்னதம்பு ஆனார். எங்கள் பக்கம் கவுண்டர் கோவெண்டர் ஆனார். தட்டச்சு செய்பவர் ஓரிடத்தில் தப்பாகப் படித்தால் அந்தக் குடும்பம் தேடுபொறியில் காணாமலே போய்விடும். அதனால் பட்டியலோடு அசல் பக்கத்தின் படமும் வேண்டும், சந்தேகம் வந்தால் அசலைப் போய்ப் பார்க்கும் வழியும் வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஊர்ச் சொத்து ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது! லூயி எத்தியேன் திரியூ என்ற போர்ட் லூயிஸ் நாவிதர் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லெ பூஸ் மலைப் பக்கம் கண்டெடுத்த டோடோ எலும்புக்கூடுகளில் ஒன்று எங்கள் டர்பன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உங்கள் போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்பது ஒரே பறவையின் எலும்புகளால் ஆனது. உலகில் அப்படி வேறு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் லேசர் கருவியால் முப்பரிமாணமாக அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். இனி கால் எலும்பின் நீளம் தெரிய வேண்டும் என்பவர் எலும்பைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. அதே சமயம் பள்ளிப் பிள்ளைகள் அசலைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.


ஏடுதேடி:

படம் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வன்தட்டு கெடும், கோப்பு வடிவம் பழசாகும், நிதி நின்றால் இணையதளம் படுத்துவிடும். தாளாவது 150 வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது.

அப்படியிருந்தும் நகல் எடுக்காமல் இருப்பது அதைவிட ஆபத்து. நான் யாழ்ப்பாணத்துக்காரி. 1981-இல் எங்கள் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள். அச்சான புத்தகம் வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். ஓலைச்சுவடிக்கு அப்படி இல்லை, ஒரே பிரதி, போனது போனதுதான். அதற்கு முன்பே யாராவது நுண்படம் எடுத்து வேறு ஓர் ஊரில் வைத்திருந்தால் என்று இன்றுவரை நினைக்காத நாள் இல்லை. 2018-இல் ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. 2021-இல் கேப்டவுன் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. இங்கே நமக்குத் தீயைவிடப் புயலும் வெள்ளமும். 2013 மார்ச் 30 போர்ட் லூயிஸில் ஒரு மதியப் பொழுதில் பெய்த மழை கோடான் பக்கத்துச் சுரங்கப்பாதையில் உயிர்களைக் குடித்ததை மறந்துவிடவில்லையே? 2024 ஜனவரியில் பெலால் புயலின்போதும் நகரத் தெருவில் கார்கள் மிதந்தன.

பூட்டிய அறை திருடனைத் தடுக்கும். தண்ணீரை அது என்ன செய்யும்? நகல் இரண்டு வேறு இடங்களில் இருக்க வேண்டும், ஒன்று தீவுக்கு வெளியே.


மோக்காஆசிரியை:

எல்லோரும் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். தாளில் எழுதியிருப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்தப் பதிவேடுகளில் சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்தாறு தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் ஒன்றாக வெட்டி, ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே காவடிக்குப் பால் குடம் எடுத்து, அந்தக் கட்டத்தை நம்மில் பலர் மறந்தே விட்டோம். எல்லாப் பக்கத்தையும் யாரும் தேடும்படி இணையத்தில் கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கொள்ளுப்பாட்டியின் கட்டத்தைத் தட்டிப் பார்ப்பார். கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்கும். இது கற்பனை இல்லை, நம் சமூகம் நமக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், புகைப்படங்கள். அந்த முகங்களை யாரும் ஆசைப்பட்டுப் போய் எடுத்துக்கொள்ளவில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் ஒப்பந்தத்தை முடித்த ‘பழைய குடியேறிகள்’ படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்துப் போடலாம். அதாவது நாம் இன்று கண்ணில் ஒற்றிக்கொள்ள நினைக்கும் படம், அவர்களைக் கண்காணிக்க எடுத்த படம். அதைத் துணிப்பையிலும் சுவரொட்டியிலும் அச்சடித்து விற்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

இதற்காக மூடி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களுக்கு அந்த முகங்களைக் காட்டியே தீர வேண்டும். அதிகாரியின் கண்ணாடி வழியாக எழுதப்பட்டது என்று சொல்லிக் காட்ட வேண்டும். சாதிக் கட்டத்தைப் பொதுத் தேடலிலிருந்து விலக்கி, சொந்த வம்சம் என்று காட்டுபவருக்கும் முறையான ஆய்வாளருக்கும் மட்டும் திறந்தால் என்ன? யாருக்கும் இழப்பில்லை.


த்ரியோலேஅக்கா:

ஆசிரியை சொன்னதை நான் யோசித்ததே இல்லை. சரிதான். எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் என்னவென்று எனக்கே தெரியும், என் பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. அது அவர்கள் தேடிப் பிடித்தால் அவர்கள் பாடு. ஊரே தேடிப் பிடிக்கும்படி இருக்கக் கூடாது.


தஞ்சாவூரான்:

ஆய்வாளருக்கு மட்டும் திறப்பது என்றால், யார் ஆய்வாளர் என்று யார் முடிவு செய்வது? பல்கலைக்கழகக் கடிதம் இருப்பவர் மட்டுமா? நம் ஊர்களில் நல்ல வரலாறு எழுதியவர்களில் பாதிப்பேர் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும்தான். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி வீடு வீடாகப் போனபோது எந்தக் காப்பகத்து அடையாள அட்டையைக் காட்டினார்? டோடோவைத் தோண்டி எடுத்தவரே நாவிதர் என்று இப்போதுதான் படித்தோம்.


மோக்காஆசிரியை:

நியாயமான கேள்வி. பட்டம் பார்க்க வேண்டாம். என்ன தேடுகிறீர்கள், எதற்கு, அதை எங்கே வெளியிடுவீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தபால்காரரும் எழுதலாம்.


ரோஸ்ஹில்காரன்:

இதுவரை வந்ததைப் படித்த பிறகு என் நிலையைச் சொல்கிறேன்.

நகலைத் தாராளமாகத் திறக்க வேண்டும், ஆசிரியை சொன்ன அந்தக் கட்டம் நீங்கலாக. தேடலுக்கு, சான்றுக்கு, பள்ளிக்கு, ஆய்வுக்கு நகல் போதும். இதில் தாள்வைத்தியம் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். அப்படித் திறந்தால் அசலைக் கேட்டு வருபவர் எண்ணிக்கை தானாகவே குறையும். மிஞ்சி வருபவர்கள் அக்காவின் அம்மா மாதிரியானவர்கள்தான். அவர்களுக்கு மறுக்கக் கூடாது.

எப்படி என்றால், ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு இத்தனை தடவை திறப்பு என்று பாதுகாப்பாளரே எண்ணைச் சொல்லட்டும். அந்த எண்ணைப் பலகையில் எழுதிப் போடட்டும். முதுகுத் தையல் தாங்காத தொகுதி என்றால் சுழியம் என்றே எழுதட்டும், பழுது பார்க்கும்வரை காத்திருக்கிறோம். தாங்கும் தொகுதி என்றால் வயதானவர்களுக்கு முதல் இடம் கொடுத்து வரிசை வைக்கட்டும். ஒரே தொகுதியில் பெயர் உள்ள குடும்பங்களை ஒரே நாளில் அழைத்தால், ஒரு தடவை அலமாரியிலிருந்து இறக்கியதில் பல குடும்பங்கள் பார்த்துவிடும். பக்கம் புரட்டுவது பயிற்சி பெற்றவர் வேலை. நாம் நின்று பார்ப்போம்.

அளவு வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அளவு என்னவென்று சொல்லாமல் இருப்பதில்தான் சண்டை. பணம் கொடுத்து வாங்கிய தபால்தலைக்கு இந்த மரியாதை கிடைக்கிறது. பெயரும் உடல் அடையாளமும் கொடுத்து நம் ஆட்கள் விட்டுப்போன தாளுக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன்.

நவம்பர் 2-க்கு முன் இதை ஒரு மனுவாக எழுதலாம் என்று இருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் தனிமடலில் சொல்லுங்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுத உதவியும் வேண்டும்.


தாள்வைத்தியம்:

ஒரே நாளில் பல குடும்பங்களை அழைக்கும் யோசனை எனக்குத் தோன்றவில்லை, நல்ல யோசனை. தையல் உறுதியான தொகுதிகளுக்கு அது நடக்கும். வி வடிவத் தாங்கியில் 90 பாகைக்கு மேல் திறக்காமல் வைத்து, வெளிச்சத்தை 50 லக்ஸில் நிறுத்தி, படம் எடுப்பவர்கள் ஃபிளாஷ் போடாமல் இருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். மழைக்காலத்தில் வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரை காற்று கொஞ்சம் வறண்டிருக்கும், அப்போது வைக்கலாம். மனுவில் இந்தத் தொழில்நுட்பப் பகுதியை நான் எழுதித் தருகிறேன், என் பெயரையும் சேருங்கள்.


சுண்ணாம்புக்காரை:

என் கையெழுத்தும் உண்டு. கோயில் சங்கங்களிலும் பேசிப் பாருங்கள், அங்கேயும் பழைய கணக்குப் புத்தகங்கள் கரையான் தின்னக் கிடக்கின்றன.


கடல்தாண்டி:

டர்பனிலிருந்து கையெழுத்து செல்லுமா? செல்லும் என்றால் எங்கள் தெருவில் நாலு குடும்பம் தயார். இரண்டு தலைமுறைக்கு முன் உங்கள் தீவிலிருந்து இங்கே வந்தவர்கள்.


த்ரியோலேஅக்கா:

மனு இருக்கட்டும், நானும் போடுகிறேன். அதற்கு முன் தாள்வைத்தியம் தம்பியிடம் அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் தாத்தாவின் கல்யாணப் படமும், ஒரு பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டும் இருக்கின்றன. படம் சாமி அறையில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது, முகம் வெளுத்துக்கொண்டே வருகிறது. சீட்டு நாலாக மடிந்து கிழிந்துவிட்டது, என் தம்பி செலோடேப் ஒட்டியிருக்கிறான். என்ன செய்யலாம்?


தாள்வைத்தியம்:

அக்கா, முதலில் படத்தை அதன் இடத்திலிருந்து இறக்கிவிடுங்கள். சாம்பிராணிப் புகை, விளக்குச் சூடு, ஜன்னல் வெயில் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் நகல் எடுத்து, அந்த நகலைச் சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டுங்கள், பூஜை நிற்க வேண்டாம். அசல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், சட்டத்தோடு அப்படியே கொண்டுவாருங்கள். ஒட்டாமல் வந்தால் அமிலம் இல்லாத தாள் உறையில் வைத்து, படுக்கைவசமாக ஒரு பெட்டியில், வீட்டின் உள்சுவர் பக்கம் வையுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டவே வேண்டாம், மலிவான பிவிசி உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சீட்டில் ஒட்டிய செலோடேப்பை யாரும் உரிக்க வேண்டாம். உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும் முன் கரைப்பான் வைத்து எடுக்க வேண்டும், அது என் வேலை. பிறகு மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாப் பசையும் வைத்துக் கிழிசலைச் சேர்த்துவிடலாம். பின்னாளில் யாராவது பிரிக்க நினைத்தாலும் தண்ணீர் தொட்டால் பிரியும். சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன். சீட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்து வாருங்கள், மடிப்பை நிமிர்த்த முயல வேண்டாம். அம்மாவையும் கூட்டி வாருங்கள். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து படிக்க ஆசை.